வித்யா திருத்திய வாக்கியம்

பாளையங்கோட்டை
11-06-2025

அன்புள்ள வித்யாவுக்கு அண்ணா அநேக ஆசீர்வாதம். நானும் சைதன்யாவும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும். உன் மன்னியைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்க இன்லண்ட் லெட்டர் எதற்கு, போஸ்ட் மாஸ்டர் தன் இலாகாவுக்கு வியாபாரம் பிடிக்கிறாரா என்று நீ சிரிப்பாய். வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் போனை எடுத்தாலே "யாரு, வித்யாவா?" என்று ரோஹிணி உள்ளேயிருந்து கேட்கிறாள். வாட்ஸப்பில் வந்தால் எனக்கு முன்னால் சைதன்யா பார்த்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். ஆகவே பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கே எழுது.

ரோஹிணியின் இருமல் வெறும் இருமல் இல்லையாம். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது, காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி. குணப்படுத்த மருந்து கிடையாது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்கிறார் டாக்டர். அந்தக் கணக்கை அவளிடம் நான் சொல்லவில்லை. ஒரு மாத்திரை இருக்கிறதாம்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி, நோயைத் தாமதப்படுத்துமாம். "சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. குடுத்தே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். யோசிச்சு சொல்லுங்க சார்" என்கிறார். ஆரம்பித்துவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. ரயிலில் போகக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது.

செப்டம்பர் கடைசியில் அவளைத் துர்கா புஜோவுக்குக் கல்கத்தா அழைத்து வருவதாக இருந்தேன், உனக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன். இந்த வருஷம் அதற்கென்று ஒரு புடவைகூட எடுத்து வைத்திருக்கிறாள். மாத்திரையா, புஜோவா என்று அவளைக் கேட்டால் புஜோ என்பாள்.

நீ நாள் முழுக்க மருத்துவ ஆராய்ச்சிகளோடு மல்லுக்கட்டுகிறவள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? மாத்திரையின் பெயரைக் கடைசி மடிப்பில் எழுதியிருக்கிறேன். நீ எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன் அண்ணா
சுந்தரராஜன்


காளிகாட், கல்கத்தா
20-06-2025

அன்புள்ள அண்ணாவுக்கு வித்யாவின் நமஸ்காரம். நான் சௌக்கியம். இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. மெட்ரோவிலிருந்து வீட்டு வாசல்வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன். மன்னிக்கு மூச்சு எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைச் சால்ட் லேக் ஆபீசுக்கு எடுத்துப் போய், கேன்டீனில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அழுதேன். பக்கத்து மேஜைக்காரர்கள் டீயில் சர்க்கரை போட மறந்த மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

என் வேலை என்னவென்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேள். ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் மேலே பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு சுருக்கம் இருக்கும். அந்தச் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எங்கள் கணினி நிரல் படித்து, இது பின்னணி, இது நோக்கம், இது செய்முறை, இது கண்டது, இது முடிவுரை என்று ஐந்து கூடையில் பிரித்துப் போடுகிறது. டாக்டர் தனக்கு வேண்டிய கூடையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். நிரல் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது நாங்கள். நிரலுக்கு முழுச் சுருக்கமும் தெரியும். எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி கலைத்து, ஒன்றிலிருந்து ஒரு வாக்கியம், வேறெதிலிருந்தோ இன்னொரு வாக்கியம் என்று திரையில் விடுவார்கள். அப்போதுதான் பாரபட்சம் இல்லாமல் பார்ப்போமாம். புதிதாக வந்தவர்கள் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை என்று புலம்புவார்கள். எனக்கு அது தேவையே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆறு வருஷமாகிறது அண்ணா.

நீ எழுதிய பெயரைப் பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் என் திரைக்கு வந்த வாக்கியம். தமிழில் சொல்கிறேன்: 'இம்மாத்திரை நுரையீரல் இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது, பக்க விளைவுகள் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவிலேயே உள்ளன.' நிரல் அதைப் பின்னணி என்று போட்டிருந்தது. இத்தனை தீர்மானமாகப் பேசுகிற வாக்கியம் பின்னணியாக இருக்குமா? முடிவுரை என்று திருத்தினேன். முடிவுரையில் இப்படி எழுதுகிறார்கள் என்றால், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

மாத்திரையை ஆரம்பித்துவிடு. புஜோ எங்கே ஓடிவிடப் போகிறது? துர்க்கை வருஷா வருஷம் வருகிறவள்தானே.

அன்புடன்
வித்யா


பாளையங்கோட்டை
02-07-2025

அன்புள்ள வித்யாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம் என்று இந்தத் தடவை கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

ரோஹிணியிடம் பேசினேன். எதிர்பார்த்ததுதான். "எனக்கு மாத்திரையெல்லாம் வேண்டாம்னா. ஒரு தடவ அந்தக் கூட்டத்துல நின்னு, அந்த மேளத்தக் கேட்டுட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க எதக் குடுத்தாலும் முழுங்கறேன்" என்றாள். டாக்டர் பேச்சை எடுத்தேன், அசையவில்லை. சைதன்யா அழுது பார்த்தாள், அதற்கும் அசையவில்லை. கடைசியில் வித்யா படித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள் என்றேன். "வித்யாவா சொன்னா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய், அந்தப் புடவையைப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

நேற்றிலிருந்து மாத்திரை. காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று. எனக்குப் பெரிய பாரம் இறங்கிவிட்டது. தீர்மானம் செய்ய ஒருத்தி இருந்தாளே என்று இருக்கிறது.

உன் அண்ணா
சுந்தரராஜன்


காளிகாட்
29-07-2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். மன்னியின் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருப்பதாகச் சைதன்யா போனில் சொன்னாள். நான் சொன்னேனா இல்லையா?

இங்கே ஒரு சின்ன சந்தோஷம். யாருடைய திருத்தம் மற்றவர்களுடைய திருத்தத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கெடுத்ததில் நான்தான் முதல். என் பக்கத்து நாற்காலி ஸ்னேகா, முப்பது வயதுகூட ஆகாத பெண், "நீங்க வாக்கியத்தோட முகத்தப் பார்த்தே ஜாதகம் சொல்றீங்க வித்யாதி" என்று கேலி செய்கிறாள்; 'தி' என்றால் இங்கே அக்கா. எங்களுக்குள் ஒத்துப்போகாத வாக்கியங்களை எல்லாம் ஒதுக்கி வைத்து, செப்டம்பரில் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். அன்றைக்கு மட்டும் முழுச் சுருக்கத்தையும் திறந்து காட்டுவார்கள். யார் சரி, யார் தப்பு என்று தெரிந்துவிடும்.

லேக் மார்க்கெட்டிலிருந்து மன்னிக்கு நல்லெண்ணெய் முறுக்கு வாங்கி அனுப்பியிருக்கிறேன். இருமல் வந்தால் கொடுக்காதே.

வித்யா


பாளையங்கோட்டை
21-08-2025

அன்புள்ள வித்யாவுக்கு மன்னியின் ஆசி. நீ சௌக்கியமா? நான் இருக்கிறேன்.

உன் அண்ணாவும் நீயும் ஆபீஸ் விலாசத்தில் காதல் கடிதம் மாதிரி எழுதிக்கொள்வது எனக்கு ஜூன் மாதமே தெரியும். போஸ்ட்மேன் சிவராஜ் நம் வீட்டுக்குத் தபால் கொண்டுவரும்போது, "மாமி, சாருக்கு இன்னிக்குக் கல்கத்தா லெட்டர் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போவான். உலகத்துக்கே தபால் பட்டுவாடா செய்கிறவருக்கு ஒரு கடிதத்தை ஒளிக்கத் தெரியவில்லை. எனக்கு எத்தனை வருஷம் என்பதும் தெரியும். ஸ்கேன் கவரை மேஜைமேலேயே வைத்துவிட்டு, என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நிம்மதிக்காக நானும் தெரியாத மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

மாத்திரை சாப்பிட்டால் வாய் கசக்கிறது, முடி கொட்டுகிறது. போனால் போகிறது, மயிர்தானே. டாக்டர் சொல்லியிருந்தால் ஒன்றிரண்டு நாளைக்கு முழுங்காமல் தொட்டியில் போட்டிருப்பேன். நீ பார்த்துச் சொன்னதால் ஒரு வேளை விடவில்லை.

எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய். இந்த வருஷம் புஜோவை எனக்காகப் பார்த்து எழுது. பந்தல் எவ்வளவு பெரியது என்றெல்லாம் வேண்டாம், அது டி.வி.யில் வரும். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், என்ன தின்கிறார்கள், யார் காலை யார் மிதித்தார்கள், அதை எழுது.

ரோஹிணி


காளிகாட்
12-09-2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். நீங்கள் எல்லோரும் சௌக்கியமா?

இப்போது எஸ்பிளனேடில் மாறினால் மெட்ரோவிலேயே ஆபீஸ் இருக்கிற செக்டர் ஃபைவ் வரை போய்விடலாம். பஸ் நெரிசல் இல்லை. நேரம் மிச்சமாகிறது. எங்கள் சந்தில் பந்தலுக்கு மூங்கில் கட்டிவிட்டார்கள்.

அண்ணா, மன்னியை இன்னொரு டாக்டரிடமும் காட்டினால் என்ன? மதுரையிலோ வேலூரிலோ. இந்த மாத்திரையைத் தொடரத்தான் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாமே. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை பாரு, நாள்பட எடுப்பது நல்லதுதானா என்று. சும்மா தோன்றியது.

அவ்வளவுதான் விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள்.

வித்யா


பாளையங்கோட்டை
19-09-2025

அன்புள்ள வித்யாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம். ரோஹிணிக்கு மட்டும் இரண்டு நாளாகக் கொஞ்சம் சளி.

உன் கடிதம் படித்துச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்துவிடு என்று அடித்துச் சொன்னதும் நீதான், இன்னொருத்தரைக் கேள் என்பதும் நீதான். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு காலா? எனக்குக்கூட நடுவில் இப்படித் தடுமாற்றம் வந்தது. அப்போதெல்லாம் உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொள்வேன். 'நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்' என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் வேலூர் டாக்டர் என்ன சொல்லிவிடப் போகிறார்? அவளை இழுத்துக்கொண்டு அலையவும் முடியாது. ஏதாவது புதிதாகத் தெரிந்திருந்தால் எழுது. இல்லையென்றால் மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அண்ணா
சுந்தரராஜன்


காளிகாட்
04-10-2025

அன்புள்ள மன்னிக்குப் பிஜோயா நமஸ்காரம். தசமி முடிந்தால் பெரியவர்களுக்கு எழுதி ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். முதல் கடிதம் உங்களுக்கு.

நீங்கள் கேட்டபடி பந்தலைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்தேன். அஷ்டமி சாயங்காலம் எனக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பாவின் தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்துகொண்டு எக் ரோல் தின்றது. எண்ணெய் அவர் வழுக்கையில் சொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட கை ஒழியாமல் நின்றார். கீழ்வீட்டு மாமி, இங்கே மாஷிமா என்பார்கள், புதுச் செருப்பு கடித்து, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நாலு பந்தல் பார்த்தாள். என் காலை ஒரு போலீஸ்காரர் மிதித்தார். "ஸாரி, தீதி" என்றார், ஆனால் காலை எடுக்கவில்லை. எடுத்து வைக்க இடமில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மன்னி, லேசாகக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கோயிலுக்குப் போனால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். வாயில் புண் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். என்மேல் கோபப்படாமல் இதை மட்டும் கேளுங்கள்.

வித்யா


பாளையங்கோட்டை
28-11-2025

அன்புள்ள வித்யாவுக்கு ஆசீர்வாதம். நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததாகச் சைதன்யா சொன்னாள். நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

காரியங்கள் முடியும்வரை நீ கூட இருந்தது பெரிய உதவி. பதின்மூன்று நாளும் நீ யாரிடமும் பேசவில்லை. பாத்திரம் தேய்த்தாய், கூடம் துடைத்தாய், மறுபடி துடைத்தாய். கூடப்பிறந்த தங்கைகூட இப்படித் துக்கப்பட மாட்டாள் என்று ரோஹிணியின் அம்மா சொன்னாள்.

நிமோனியா வந்து ஐந்தே நாள். அவளுக்கு எதிர்த்து நிற்கச் சக்தி இல்லை என்றார்கள். அவள் போய் இருபத்திரண்டு நாளாகிறது, இன்னும் காலையில் வெந்நீர் இரண்டு பேருக்குப் போடுகிறேன். தாங்க முடியவில்லை வித்யா. இதை ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவுன்டரில் ஆள் நிற்கிறது.

அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது சைதன்யாவைப் பற்றி. "அவள வித்யாகிட்ட அனுப்பிடுங்கோ. என்கிட்ட நெஜத்தச் சொன்னவ அவ ஒருத்திதான்" என்றாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டாள், பாவம். இங்கே இருந்தால் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் ஆபீசிலேயே அவளுக்கு வேலை வாங்கிக் கொடு. நாலு பேருக்குப் பிரயோஜனமான வேலை. நீ அன்றைக்கு அப்படி எழுதியிருக்காவிட்டால் இந்த நாலு மாதமும் நம்பிக்கையே இல்லாமல் போயிருக்கும்.

உன் அண்ணா
சுந்தரராஜன்


காளிகாட்
11-12-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி எங்கள் ஆபீசில் ஒத்துப்போகாத வாக்கியங்களைப் பார்த்தோம். பதினேழாவதாக அந்த வாக்கியம் வந்தது. நான் முடிவுரை என்று போட்டிருந்தேன். ஸ்னேகா பின்னணி என்று போட்டிருந்தாள். நிரலும் பின்னணி என்றுதான் போட்டிருந்தது. முழுச் சுருக்கத்தைத் திறந்தார்கள். அது முதல் வாக்கியம். அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததைச் சொல்கிற வாக்கியம். அது உண்மைதானா என்று பார்க்கத்தான் அந்த ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. மாத்திரை எடுத்தவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் எடுக்காதவர்களைவிட அதிகம். கடைசி வாக்கியம், நிஜமான முடிவுரை, இதை இனிமேல் இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்பது.

ஸ்னேகா, "இந்தத் தடவ ஜாதகம் தப்பிடுச்சு வித்யாதி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் அண்ணா. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூனில் மாத்திரை பெயரைப் போட்டுத் தேடியிருந்தால் வீட்டிலேயே ஒரு நிமிஷத்தில் முழுவதும் கிடைத்திருக்கும். தேடவில்லை. எனக்குத் தெரியும் என்ற கர்வம். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசையும்கூட.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியது மெட்ரோவைப் பற்றி. நீ வேண்டாம் என்று பதில் எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லிப் பார்த்தாயிற்று, இனி என் பொறுப்பில்லை என்று நினைத்தேன். ஏதாவது புதிதாகத் தெரிந்திருந்தால் எழுது என்று நீ கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அப்படி நினைத்தேன். அங்கே பதின்மூன்று நாள் இருந்தபோதும் வாய் வரவில்லை. சைதன்யா என் மடியில் படுத்துத் தூங்கினாள்.

மன்னி உன்னிடம் சொன்னது என்னைப் பற்றி அல்ல. அப்படி ஒருத்தி இல்லை. சைதன்யாவை அனுப்புவதா என்று இதைப் படித்துவிட்டு நீ முடிவு செய்.

வித்யா


பாளையங்கோட்டை
17-01-2026

வித்யாவுக்கு,

உன் கடிதம் போன மாதம் பதினேழாம் தேதியே வந்துவிட்டது. உடனே எழுதினால் திரும்ப எடுக்க முடியாத வார்த்தை வந்துவிடும் என்று எழுதவில்லை.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "மாத்திரையாலயும் இருக்கலாம், வியாதியாலயும் இருக்கலாம். இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது சார்" என்றார். செப்டம்பரில் வந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பீர்களா என்று கேட்டேன். நிறுத்தியிருப்பேன் என்றார்.

ஜூனில் நீ செய்தது தப்பு. தப்பு யாருக்கும் வரும். செப்டம்பர் எட்டிலிருந்து நவம்பர் ஆறு வரை ஐம்பத்தொன்பது நாள். நம் இலாகாவில் இரண்டரை ரூபாய்க் கடிதம் ஐந்து நாளில் வரும். அவ்வளவுகூட வேண்டாம், ஒரு போன். கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

அக்டோபர் கடைசியில் ரோஹிணி என்னிடம், "மாத்திரைய விட்டுடவான்னா? வாயெல்லாம் புண்ணா இருக்கு" என்று கேட்டாள். வித்யா சொன்னதை விடாதே என்றேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். உன்னைத் திட்ட உட்காரும்போதெல்லாம் அதுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சைதன்யாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. ஆபீசில் அரக்கு உருக்குகிற அடுப்பில் எரித்துவிட்டேன். அம்மா சொன்னாளே என்று கல்கத்தா வருவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா போனபிறகு முதல் தடவையாக அவள் எதையோ செய்ய ஆசைப்படுகிறாள். இருபத்தெட்டாம் தேதி ஹௌரா மெயிலில் வந்து சேருவாள். பிளாட்பாரத்துக்கே போய் நில். கூட்டத்தைக் கண்டால் மிரளுவாள். உன் ஆபீசில் மட்டும் வேலை வேண்டாம். வேறு எதுவானாலும் பார்.

அவளிடம் நீ எதையும் சொல்லாதே. மறைத்தாய் என்று உன்மேல் கோபப்பட்டுக்கொண்டு, மறைத்து வை என்று நானே எழுதுகிறேன். அம்மாவைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அத்தையையும் இல்லாமல் செய்ய என்னால் முடியவில்லை.

எனக்குக் கடிதம் எழுதாதே. நானாக எழுதும்வரை வேண்டாம். அவள் வந்து சேர்ந்ததும் அவளையே போன் செய்யச் சொல்.

சுந்தரராஜன்